வீட்டு வேலைக்கு மலிவு விலைக் கைக்கருவிகள்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

#1 · புதுப்பிடி

வணக்கம். வீட்டில் எப்போதாவது வருகிற சில்லறை வேலைகளுக்குக் கைக்கருவிகள் வாங்க வேண்டும். கீல் திருகு இறுக்குவது, படம் மாட்ட ஆணி அடிப்பது, பிரித்த நிலையில் பெட்டியில் வருகிற மேசை, அலமாரியைக் கோப்பது, குழாய்க்கு வாஷர் மாற்றுவது, சைக்கிள் நட்டு முடுக்குவது, அவ்வளவுதான். வாரத்துக்கு ஒருமுறை கையில் எடுத்தாலே அதிகம். தொழிலாளர்கள் வாங்குகிற ரகம் இதற்குத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நூற்றுக்கு மேல் உருப்படி என்று போட்டு ஒரே பெட்டியில் வருகிற செட் வாங்கலாமா, தனித்தனியாகவா? மலிவானதிலேயே தேறுகிற பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது?

#2 · நூல்கண்டு

எளிய வழி சொல்றேன். எல்லாத்தையும் மலிவாவே வாங்குங்க. எது உடையுதோ, எது தேயுதோ, அதைத்தான் நீங்க அதிகமா பயன்படுத்துறீங்கன்னு தெரிஞ்சுடும். அதை மட்டும் அடுத்த தடவை நல்லதா வாங்குங்க. மீதி எல்லாம் பெட்டிக்குள்ள தூங்கப் போகுது. அதுக்கு எதுக்கு வீண் செலவு?

#3 · இரும்புக்கை

» எது உடையுதோ, எது தேயுதோ… அதை மட்டும் அடுத்த தடவை நல்லதா வாங்குங்க

டேப், கிளாம்ப், சாக்கெட் (நட்டின் மேல் கவிழ்த்து மாட்டுகிற குழல்) போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு சரி. திருப்புளி, ஆலன் கீ (அறுகோண முனையுள்ள வளைந்த கம்பி), திறந்த வாய் ஸ்பேனர் மூன்றுக்கும் சரிவராது. அங்கே கருவி உடைவதற்கு முன்பே திருகின் தலை வழித்துக்கொண்டு போய்விடும். திருப்புளி போனால் இன்னொன்று வாங்கலாம். கீலுக்குள் தலை வழிந்த திருகு மாட்டிக்கொண்டால் கதவையே கழற்ற முடியாது.

முறுக்குவிசை முழுவதும் சில மில்லிமீட்டர் முனையில் இறங்குகிற கருவி என்றால் மலிவைத் தேடாதீர்கள். விசை பரவலாக விழுகிற கருவி, வெறுமனே பிடித்துக்கொள்கிற கருவி, அளக்கிற கருவி என்றால் மலிவு போதும், சோதித்து வாங்கினால். சாக்கெட் ஆறு பக்கமும் நட்டைக் கவ்வுகிறது. அதனால் சுமாரான இரும்பும் தாங்கும். திறந்த வாய் ஸ்பேனருக்கு இரண்டே மூலைகள்தான் பிடிமானம். மட்டமான இரும்பு என்றால் வாய் விரிந்து, நட்டின் மூலைகள் உருண்டையாகிவிடும்.

திருப்புளியில் இருந்து ஆரம்பிக்கிறேன், நீங்கள் சொன்ன வேலைகளில் பாதி அதுதான். நான்கு போதும்: பிளஸ் முனையில் பிஎச் (பிலிப்ஸ்) 2, பிஎச் 1, பட்டை முனையில் 6 மி.மீ., 3 மி.மீ. பருமன் 3 முதல் 5 மி.மீ. வரையுள்ள மரத்திருகுகளுக்கு பிஎச் 2 தான் அளவு. அதற்குக் கீழே பிஎச் 1. பெரிய திருகில் பிஎச் 1 போட்டுத் திருகுவதுதான் வீடுகளில் தலை வழிவதற்கு முதல் காரணம். இரும்பின் தரம் அதற்குப் பிறகுதான்.

கடைக்குப் போகும்போது பையில் நான்கைந்து புதுத் திருகுகளை எடுத்துச் செல்லுங்கள். திருப்புளியைப் படுக்கைவாட்டில் பிடித்து முனையில் திருகைச் செருகிப் பாருங்கள். முனை சரியாகச் செய்யப்பட்டிருந்தால் காந்தம் இல்லாமலே திருகு நிற்கும், ஆட்டினால் லேசாகத்தான் அசையும். தொளதொளவென்று ஆடினால் வேண்டாம்.

முனை பளபளவென்று முலாம் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். கனத்த முலாம் முனையின் கூர்மையான ஓரங்களை மழுக்கிவிடும், நாலு திருப்பில் உரிந்தும் வரும். தண்டு எப்படியும் இருக்கட்டும், முனை மட்டும் கறுப்பாகவோ மங்கிய சாம்பலாகவோ இருப்பது நல்ல அறிகுறி.

"குரோம் வனேடியம்" என்று தண்டில் பொறித்திருப்பதை நம்பி வாங்காதீர்கள். அது இரும்பின் கலவையைத்தான் சொல்கிறது. அதைச் சூடாக்கி ஆற்றிச் சரியாகப் பதம் போட்டிருக்கிறார்களா என்பதைச் சொல்லாது. பதம் குறைவாக இருந்தால் முனை முறுக்கிக்கொள்ளும், அதிகமானால் நொறுங்கும்.

#4 · மரத்தூள்

இரும்புக்கை அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. வீட்டுக்கு வந்ததும் பழைய அரம் ஒண்ணை எடுத்து, முனைக்குச் சற்று மேலே தண்டுல மெதுவா ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க. அரம் வழுக்கிட்டுப் போனாலோ, சிரமப்பட்டுப் பிடிச்சாலோ பதம் இருக்கு. தொட்டதும் தூள் கொட்டினா அது பச்சை இரும்பு. ஆனா கோடு விழுந்த பிறகு கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார், அதனால ஒண்ணை மட்டும் முதல்ல வாங்கிச் சோதிங்க.

பிடியையும் பாருங்க. மட்ட ரகத்துல உருண்டையான தண்டை அப்படியே பிளாஸ்டிக்ல குத்தி வெச்சிருப்பாங்க. கொஞ்சம் பலம் கொடுத்தா பிடி தனியா சுத்தும், தண்டு அங்கேயே நிக்கும். பிடிக்குள்ள போற பகுதியைத் தட்டையாக்கியோ, சிறகு மாதிரி நசுக்கியோ வெச்சிருந்தாத்தான் சுத்தாது. வெளியே இருந்து தெரியாது. தண்டைக் குறடால பிடிச்சுக்கிட்டுப் பிடியை நல்லா திருகிப் பாத்தா தெரிஞ்சுடும்.

#5 · கால்அங்குலம்

» பிளஸ் முனையில் பிஎச் 2, பிஎச் 1

ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். பிரித்து வருகிற மேசை, அலமாரிகளில் பிளஸ் மாதிரியே இருக்கும் இன்னொரு வகைத் தலை நிறைய வருகிறது. பிளஸ் குழிக்கு இடையில், நாலு மூலையிலும் மெல்லிய கோடு போட்டிருந்தால் அது பிஇசட் (போசிட்ரிவ்) வகை. அதில் பிஎச் முனையைப் போட்டால் ஆடும். அழுத்தினாலும் எகிறி வெளியே வரும். பிஇசட் முனையை பிஎச் திருகில் போட்டால் அடிவரை இறங்கவே இறங்காது.

எனவே நான்கோடு ஐந்தாவதாக ஒரு பிஇசட் 2 வாங்கிக்கொள்ளுங்கள். தனித் திருப்புளியாக வேண்டாம் என்றால், கால் அங்குல அறுகோணத் துளை உள்ள ஒரு பிடியும், அதில் மாற்றி மாற்றிச் செருகுகிற முனைகளான நல்ல பிட்டுகள் சிலவும் போதும். அறுகோணத்தின் குறுக்களவு 6.35 மி.மீ.; எந்தக் கம்பெனிப் பிட்டும் பொருந்தும். பிடியை மலிவாக வாங்கலாம், பிட்டை வேண்டாம். பிட் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

#6 · நூல்கண்டு

சரி, திருப்புளி விஷயத்துல ஒத்துக்கிறேன். ஆனா செட்டையே வேண்டாம்னு சொல்லிடாதீங்க. தனித்தனியா வாங்கினா எது எங்க இருக்குன்னே தெரியாது. பெட்டியில எல்லாத்துக்கும் ஒரு இடம் இருக்கு. குறைஞ்சா பார்த்ததுமே தெரியும்.

#7 · மரத்தூள்

பெட்டி வசதிதான், மறுக்கலை. எண்ணிக்கையைத்தான் நம்பக் கூடாது. ஒவ்வொரு பிட்டும் ஒரு உருப்படி, ஒவ்வொரு சாக்கெட்டும் ஒரு உருப்படி, ஆலன் கீ எட்டு இருந்தா எட்டு உருப்படி. சில பெட்டியில ஆணி, திருகு, பிளாஸ்டிக் பிளக், கேபிள் டை எல்லாத்தையும் எண்ணிக்கையில சேத்துடுவாங்க. கடைசியில கையில பிடிச்சு வேலை செய்யற கருவின்னு பாத்தா சுத்தியல், கட்டிங் பிளேயர், டேப், கத்தி, ஒரு பிடி. அவ்வளவுதான்.

பெட்டியை வாங்கற முன்னாடி மூடியைத் திறந்து மூணே மூணு பாருங்க: பிளேயர், பிட்டு பிடிக்கிற பிடி, ராட்செட் (சாக்கெட்டை மாட்டிச் சொடுக்கிச் சொடுக்கித் திருப்பற கைப்பிடி). இந்த மூணும் தேறினா மீதி எப்படி இருந்தாலும் பரவாயில்லை. இந்த மூணும் தேறலைன்னா பெட்டி மட்டும்தான் மிச்சம்.

#8 · புதுப்பிடி

மிக்க நன்றி. பிளேயர், ராட்செட் இரண்டிலும் எதைப் பார்க்க வேண்டும்? சுத்தியலுக்கும் சொல்லுங்கள்.

#9 · இரும்புக்கை

கட்டிங் பிளேயர்: 180 அல்லது 200 மி.மீ. நீளம். மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மூக்கின் நுனி ஒன்றையொன்று தொட வேண்டும். வெட்டுகிற ஓரத்தில் வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. மூட்டுக்கு அருகே சொரசொரப்பான பகுதியில் மயிரிழை இடைவெளி இருந்தால் குற்றமில்லை. பிறகு ஒரு துண்டுச் செய்தித்தாளை வெட்டுவாயில் வைத்து நறுக்குங்கள். சுத்தமாக அறுந்தால் ஓரங்கள் நேராகச் சந்திக்கின்றன. மடிந்து கசங்கினால் மெல்லிய செம்புக் கம்பியையும் அது அப்படித்தான் மடிக்கும்.

அடுத்தது மூட்டு. முழுதாகத் திறந்து, ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் தள்ளிவிடலாம். மூட்டு இறுக்கமாக இருப்பது பெரிய குறை இல்லை: ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு ஐம்பது, அறுபது தடவை திறந்து மூடினால் இளகிவிடும். வாங்கிய பிறகு தளர்ந்தால், தடித்த இரும்பின் மேல் வைத்து ரிவிட் தலையைச் சுத்தியலால் லேசாகத் தட்டி இறுக்கலாம். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு திறந்து பார்த்துக்கொள்ளுங்கள், அதிகமானால் அசையாது.

பிளேயரால் ஆணியையோ ஸ்பிரிங் கம்பியையோ வெட்டாதீர்கள். வெட்டுவாயில் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழும், பிறகு அந்த இடத்தில் எந்த மெல்லிய கம்பியும் அறாது. மலிவோ விலை உயர்ந்ததோ, இதில் வித்தியாசம் குறைவு.

ராட்செட்: நீங்கள் சொன்ன வேலைகளுக்குக் சாக்கெட் மாட்டுகிற சதுர முனை கால் அங்குலம் உள்ளது போதும், 4 முதல் 13 மி.மீ. வரை சாக்கெட்டுகள். 24 பல் என்றால் ஒவ்வொரு சொடுக்குக்கும் 15 பாகை திருப்ப வேண்டும். 72 பல் என்றால் 5 பாகை. மேசைக்கு அடியில் இடுக்கில் வேலை செய்யும்போது இந்த வித்தியாசம்தான் முக்கியம். ஆனால் மலிவு ரகத்தில் பல் எண்ணிக்கை கூடக் கூடப் பற்கள் சின்னதாகி, சீக்கிரம் சறுக்கும். மலிவில் வாங்கினால் 36 பல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். கைப்பிடியில் குழாய் செருகி நீளம் கூட்டினால் உள்ளே இருக்கிற கொக்கி நொறுங்கும். முதல் பிடி தளர்த்துவதற்கு ரிங் ஸ்பேனர், பிறகு கழற்ற மட்டும் ராட்செட்.

சாக்கெட் ஆறு முனை உள்ளதாகப் பாருங்கள். பன்னிரண்டு முனை இடுக்கில் வசதி. மூலை தேய்ந்த பழைய நட்டில் வழுக்கும்.

#10 · மரத்தூள்

சுத்தியல் நான் சொல்றேன். ஆணி பிடுங்கற கொம்பு உள்ளது, தலை மட்டும் 450 கிராம் அளவு. கையில கனமாத் தெரிஞ்சா 300 கிராம் போதும், படம் மாட்ட அதுவே தாராளம்.

தலை வார்ப்பா, அடிச்சுச் செஞ்சதான்னு பாக்கணும். வார்ப்புல பக்கவாட்டுல அச்சு சேர்ந்த கோடும், பெயிண்ட்டுக்கு அடியில சொரசொரன்னு மணல் மேடுகளும் தெரியும். வார்ப்பு இரும்பு அடியில தெறிக்கும், சில்லு கண்ணுக்குத்தான் வரும். அடிக்கிற முகத்தோட விளிம்பு கொஞ்சம் சீவி விட்டிருக்கணும். கூரான விளிம்பு சீக்கிரம் பிளவுபடும்.

மரப்பிடியா இருந்தா அடிப்பக்கமா திருப்பி முனையைப் பாருங்க. இழை ஓட்டம் தலை நீட்டியிருக்கிற திசையிலேயே ஓடணும். குறுக்கா ஓடினா ஒருநாள் டபக்குன்னு ஒடியும். மேலே, பிடி நுழையற தலைத் துளையில ஆப்பு ஒழுங்கா இறங்கியிருக்கான்னும் பாருங்க. சில சுத்தியல்ல அந்த இடத்தைப் பெயிண்ட்டால மெழுகி இடைவெளியை மறைச்சிருப்பாங்க.

தலை ஆட ஆரம்பிச்சா தண்ணியில ஊற வைக்கிற பழக்கம் பலருக்கு இருக்கு. அன்னிக்கு இறுகும். ஊறின இழை இரும்புக்குள்ள நசுங்கிடும், காய்ஞ்சதும் முன்னை விட அதிகமா ஆடும். புதுசா ஒரு இரும்பு ஆப்பு அடிக்கிறதுதான் வழி. ஆளி விதை எண்ணெயில தலைப்பக்கத்தை ஒரு ராத்திரி நிக்க வெச்சாலும் ஆட்டம் குறையும். எதுவும் சரிவரலைன்னா பிடியை மாத்திடுங்க. ஆடற தலையோட வேலை செய்யவே கூடாது.

சுத்தியலை இன்னொரு சுத்தியலால அடிக்காதீங்க. ரெண்டும் பதம் போட்ட முகம், சில்லு பறக்கும். சுவர்ல அடிக்கிற கான்கிரீட் ஆணியும் பதம் போட்டதுதான், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு அடிங்க.

#11 · மின்கம்பி

யாரும் இதைச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். பிளேயர் பிடியில் போட்டிருக்கிற சிவப்பு, நீல பிளாஸ்டிக் உறை கைக்கு மெத்தை, அவ்வளவே. மின்காப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மின்காப்புக் கருவி என்றால் அதன் மேல் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். ஐஇசி 60900 என்ற தரத்தைக் குறிப்பிட்டிருப்பார்கள். அந்தத் தரப்படி ஒவ்வொரு கருவியும் 10,000 வோல்ட்டில் சோதிக்கப்பட்ட பிறகுதான் வெளியே வரும். குறி இல்லாத பிளேயரைக் கொண்டு மின்சாரம் இருக்கிற கம்பியைத் தொட வேண்டாம். குறி இருந்தாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டே தொடுங்கள்.

மலிவு செட்டுகளில் வருகிற டெஸ்டர் இன்னொரு ஆபத்து. உள்ளே நியான் விளக்கும், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு உயர் மின்தடையும் இருக்கும். உங்கள் உடல் வழியாகச் சிறு மின்னோட்டம் போனால்தான் அது எரியும். அந்த மின்தடை மட்டமானதாக இருந்தாலும், பிடியில் விரிசல் விட்டு ஈரம் இறங்கினாலும் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல வெளிச்சத்தில் எரிந்தாலும் தெரியாது. ரப்பர் செருப்போடு காய்ந்த பலகை மேல் நின்றால் எரியாமலே போகலாம். பக்கத்துக் கம்பியின் தூண்டலில் பொய்யாகவும் எரியும்.

சோதிக்கும்போது மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக்கில் முதலில் வைத்து எரிகிறதா பாருங்கள். பிறகு வேலை செய்ய வேண்டிய இடத்தில். திரும்பவும் முதல் இடத்தில். மூன்றும் சரியாக வந்தால்தான் நடுவில் கிடைத்த "எரியவில்லை" என்பதற்கு மதிப்பு. டெஸ்டரைத் திருப்புளியாகப் பயன்படுத்தினால் பிடியில் விரிசல் விழும். விரிசல் கண்டால் உடைத்துத் தூக்கிப் போடுங்கள், பத்திரப்படுத்தாதீர்கள்.

#12 · கால்அங்குலம்

அளவைக் கருவிகளில் மலிவு தாராளமாகப் போதும் என்று மேலே வந்தது. சரிதான், ஆனால் இரண்டு நிமிடம் சோதிக்க வேண்டும்.

டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடும். அது பழுது என்று நினைத்துச் சிலர் நசுக்கி இறுக்கிவிடுகிறார்கள். கொக்கியின் தடிப்பளவுக்கு ஆட வேண்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள்: வெளிப்புறம் மாட்டி இழுக்கும்போது தடிப்பு கழியும், உட்புறம் முட்டி அளக்கும்போது தடிப்பு சேரும். சோதனை இப்படி. ஒரு பலகையைக் கொக்கி மாட்டி அளந்து குறியுங்கள். அதே பலகையை டேப்பின் 10 செ.மீ. கோட்டில் இருந்து அளந்து 10 கழியுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கொக்கி சரி. ஒரு மி.மீ. வேறுபட்டால் கொக்கியை வளைத்துத் திருத்தலாம்.

நாடாவின் தொடக்கத்தில் ரோமன் இலக்கத்தில் இரண்டு என்று போட்டிருந்தால் அது இரண்டாம் வகுப்பு. அதில் 5 மீட்டர் நீளத்துக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 1.3 மி.மீ. அலமாரி மாட்ட இது ஏராளம். வகுப்பே போடாத டேப்பை ஒரு நல்ல ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். 19 மி.மீ. அகல நாடா கைக்கு அடக்கம். தனியாள் தூரமாக நீட்ட வேண்டும் என்றால் 25 மி.மீ. மடியாமல் நிற்கும். சடாரென்று விட்டுச் சுருள வைத்தால் கொக்கியின் ரிவிட் துளை அகலமாகி, ஆட்டம் கூடிப்போகும்.

ரசமட்டத்துக்குத் தேறின தரை எதுவும் வேண்டாம். ஏதோ ஒரு மேசை மேல் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் முனை மாற்றி, 180 பாகை திருப்பி வையுங்கள். குமிழி அதே பக்கம் அதே அளவு விலகினால் மேசைதான் சாய்வு, மட்டம் சரி. வேறு பக்கம் போனால் மட்டத்தில் பிழை. இரண்டு நிலைக்கும் நடுவில்தான் உண்மையான மட்டம் இருக்கிறது. கடையில் இருக்கிற ஐந்தாறையும் இப்படிப் புரட்டிப் பார்த்தால் ஒன்றாவது தேறும், அதே விலைக்கு.

#13 · நூல்கண்டு

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். மலிவு ரகத்துல ஒரே பெட்டியில ஒண்ணு நல்லது, ஒண்ணு சொத்தை. விலை கொடுத்து வாங்கறவன் சோதனைக்கும் சேத்துக் காசு கொடுக்கிறான். நாம அந்தச் சோதனையை நாமே பண்ணிக்கிறோம். இணையத்துல வாங்கினா இது நடக்காது, திருப்பி அனுப்ப வசதி இருந்தா மட்டும் வாங்குங்க.

#14 · புதுப்பிடி

குழாய்க்கு ஸ்க்ரூ ஸ்பேனர் வேண்டுமா, பைப் ரெஞ்சா? ஆலன் கீயும் விட்டுப்போச்சு.

#15 · இரும்புக்கை

குழாய்க்கு ஸ்க்ரூ ஸ்பேனர். பைப் ரெஞ்சின் பற்கள் பித்தளையையும் குரோம் முலாமையும் கடித்துக் குதறிவிடும். அது பற்கள் பதிந்தாலும் பாதகமில்லாத இரும்புக் குழாய்க்கு. 200 மி.மீ. ஸ்பேனர் பொதுவாக 24 மி.மீ. வரை திறக்கும், 250 மி.மீ. ஏறக்குறைய 28. வீட்டுக்கு 250 எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் மலிவு வாங்கினால் ஏமாறுவது நகரும் தாடையில். ஒரு நட்டைக் கவ்வ வைத்துத் தாடையை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் அதிகமானால் ஒவ்வொரு திருப்பிலும் வாய் கொஞ்சம் விரியும், மூலை தேயும். தாடைகளை மூடி வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டும் இணையாகச் சேர வேண்டும். நுனியில் மட்டும் இடைவெளி என்றால் வேண்டாம்.

பயன்படுத்தும்போது விசை நிலைத்த தாடையில் விழுகிறபடி மாட்டுங்கள். அதாவது எந்தப் பக்கம் இழுக்கிறீர்களோ அந்தப் பக்கம் நகரும் தாடை இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் முழு விசையும் அந்தச் சின்னத் திருகுப் பல்லில் இறங்கும். ஒவ்வொரு தடவை மாட்டியதும் திருகை மீண்டும் இறுக்குங்கள், தானாகத் தளரும்.

வாஷர் மாற்றும்போது தண்ணீரை அடைத்து, குழாயைத் திறந்து வடியவிட்டு, முலாம் மேல் துணி சுற்றி ஸ்பேனரைப் போடுங்கள். குழாயின் உடலை இன்னொரு கையாலோ இன்னொரு ஸ்பேனராலோ எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நட்டு நகராமல், சுவருக்குள் இருக்கிற இணைப்பு திரும்பும். வாஷர் போய், சுவரை உடைக்கிற வேலை வந்து சேரும்.

ஆலன் கீ: 1.5 முதல் 10 மி.மீ. வரை ஒரு கட்டு. வாய்க்குள் இறங்குகிற முனை தண்டுக்குச் செங்குத்தாக, ஓரங்கள் கூராக வெட்டப்பட்டிருக்க வேண்டும். மேசையோடு இலவசமாக வருகிற கீ பச்சை இரும்பு, இரண்டு போல்ட்டில் முறுக்கிக்கொள்ளும். உருண்டை முனை உள்ளதைச் சாய்வாகச் செருகிச் சுழற்ற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இறுக்கத்துக்கு நேரான முனை. முனை தேய்ந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டாம், சாணையில் 2, 3 மி.மீ. வெட்டிவிட்டால் புது மூலைகள் கிடைக்கும். இடையிடையே தண்ணீரில் தோய்த்துக்கொண்டே செய்யுங்கள். முனை நீலமாக மாறினால் பதம் இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும்.

அங்குலக் கணக்குக் கட்டை மி.மீ. போல்ட்டில் போடாதீர்கள். 4 மி.மீ. வாய்க்கு 5/32 அங்குலம் நுழையும், 3.97 மி.மீ. தான். ஆனால் இன்னும் சற்றே குறைவான அளவு எது நுழைந்தாலும் வழித்துவிடும்.

#16 · புதுப்பிடி

ஏற்கெனவே தலை வழிந்துபோன திருகு இரண்டு கீலில் இருக்கிறது. அதற்கு வழி உண்டா?

#17 · மரத்தூள்

இருக்கு. எளியதுல ஆரம்பிச்சு, முடியலைன்னா அடுத்ததுக்குப் போங்க.

முதல்ல குழிக்குள்ள இருக்கிற பெயிண்ட், அழுக்கை ஊசியால குத்திச் சுத்தம் பண்ணுங்க. பாதி நேரம் இதுதான் கோளாறு, முனை அடி வரைக்கும் இறங்கியே இருக்காது. அடுத்து, புது பிஎச் 2 பிட்டைக் குழியில வெச்சுப் பின்னாலிருந்து சுத்தியலால ரெண்டு தட்டு. முனை புதுசா இடம் பிடிக்கும், துருவும் விட்டுக்கொடுக்கும். அழுத்தம் முக்கியம்: உங்க பலத்துல முக்கால் பங்கு உள்ளே தள்ளறதுக்கு, கால் பங்குதான் திருப்பறதுக்கு.

அப்பவும் வழுக்கினா, அகலமான ரப்பர் பேண்ட் ஒரு அடுக்கு முனைக்கும் குழிக்கும் நடுவுல வெச்சுத் திருப்புங்க. தலை கொஞ்சம் மேலே எழும்பியிருந்தா பிளேயரால ஓரத்தைக் கவ்விச் சுத்தலாம். கடைசி வழி, ஹாக்ஸா பிளேடால தலையில ஒரு கோடு அறுத்து 6 மி.மீ. பட்டைத் திருப்புளி போடறது. கீலோட தகட்டுல கீறல் விழும், சகிச்சுக்குங்க.

எடுத்த பிறகு ஓட்டை பெருத்திருக்கும். பல்குச்சி நாலைந்தை மரப்பசை தடவி நெருக்கமா அடிச்சு, பசை நல்லா காய்ஞ்சதும் மட்டமா சீவிடுங்க. 4 மி.மீ. திருகுக்கு 2.5 மி.மீ. வழித்துளை போட்டு, திருகுல மெழுகு தடவி ஏத்துங்க. சோப்பு தடவாதீங்க, ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும்.

#18 · கால்அங்குலம்

» ஹாக்ஸா பிளேடால

ஹாக்ஸாவில் சட்டம் மலிவு போதும், பிளேடு மட்டும் இருவகை உலோகத்தில் வாங்குங்கள். முழுதும் பதம் போட்ட மலிவு பிளேடு கொஞ்சம் சாய்ந்தாலே துண்டாக ஒடியும். இருவகை உலோகம் வளையும். நீளம் 300 மி.மீ., அங்குலத்துக்கு 24 பல் பொதுவான வேலைக்கு. அறுக்கிற தடிப்புக்குள் எந்த நேரமும் மூன்று பல்லாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஒரு மி.மீ. தகட்டை 24 பல்லால் நேராக அறுத்தால் ஒரே பல் மட்டும் மாட்டும், உதிரும். 32 பல் போட்டு, தகட்டின் மேல் சாய்வாக அறுங்கள், அல்லது இரண்டு மரத்துண்டுக்கு நடுவில் வைத்து மரத்தோடு சேர்த்து அறுங்கள். பற்கள் முன்னோக்கி இருக்க வேண்டும். தள்ளும்போது அழுத்தம், இழுக்கும்போது வேண்டாம்.

#19 · நூல்கண்டு

பழைய கருவி பத்தி யாருமே பேசலையே? மலிவுன்னா அதுதான் உண்மையான மலிவு. துருப்பிடிச்ச நல்ல ஸ்பேனர், புது மட்ட ரக ஸ்பேனரை விட எவ்வளவோ மேல்.

#20 · இரும்புக்கை

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். மேல் துரு போகட்டும், குழி விழுந்த துருவைத்தான் தவிர்க்க வேண்டும். வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறப் போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே துடைத்துக் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். சோடா நீரில் கழுவாமல் விட்டால் மறுநாளே புதுத் துரு பூக்கும். மரப்பிடி உள்ளதை முழுதாக முக்காதீர்கள்.

ஸ்பேனர் வாயில் வெடிப்பு, சுத்தியல் முகத்தில் சில்லு, உளியின் தலை காளான் மாதிரி விரிந்திருப்பது: முதல் இரண்டையும் வாங்காதீர்கள். காளானைச் சாணையில் சீவி எடுத்துவிடலாம். பழைய அரம் மட்டும் வேண்டாம், தேய்ந்த பல்லைத் தீட்ட முடியாது.

#21 · மரத்தூள்

உளின்னதும் ஞாபகம் வருது. கதவு அடிபடற இடத்தைச் செதுக்க ஒண்ணு வேணும்னா 20 மி.மீ. மலிவு உளி போதும், ஆனா கடையில இருந்து வர்ற மாதிரியே பயன்படுத்த முடியாது. கண்ணாடித் துண்டு மேல தண்ணி உப்புத்தாள் ஒட்டி, 240, 400, 800, 1200 நம்பர்னு சொரசொரப்புல இருந்து நைசுக்கு வரிசையா, முதல்ல பின்பக்கத்தை நுனியில இருந்து ஒரு அங்குலம் மட்டும் சமப்படுத்துங்க. பிறகு சாய்வுப் பக்கம் 25 பாகை, நுனியில மட்டும் 30 பாகை. முதல் தடவை தீட்டும்போது ஓரம் மடிஞ்சா பயப்படாதீங்க. தொழிற்சாலையில சாணை பிடிக்கும்போது நுனி சூடாகிப் பதம் இறங்கியிருக்கலாம். ஒண்ணு ரெண்டு மி.மீ. தேய்ச்சுப் போனா உள்ளே நல்ல இரும்பு வரும். அதுக்கப்புறமும் மடிஞ்சா பெயிண்ட் டப்பா திறக்க வெச்சுக்குங்க.

#22 · புதுப்பிடி

அருமை. கடைசியாக ஒன்று: சைக்கிள் பெடலுக்கு இந்த 13 மி.மீ. வரை சாக்கெட் போதாது போலிருக்கிறதே? மேலும் இடது பெடல் அசையவே மாட்டேன் என்கிறது.

#23 · கால்அங்குலம்

பெரும்பாலான பெடலுக்கு 15 மி.மீ., அதுவும் மெல்லிய வாய் உள்ள ஸ்பேனர். தடித்தது இடுக்கில் நுழையாது. சாக்கெட் அங்கே போகவே போகாது. ஸ்பேனர் வைக்கப் பக்கமே இல்லையென்றால் அச்சின் பின்புறம் ஆலன் துளை இருக்கிறதா பாருங்கள், 6 அல்லது 8 மி.மீ.

இடது பெடலின் புரி எதிர்த்திசை. வழக்கமாகக் கழற்றுகிற பக்கம் திருப்பினால் இறுகும். கடிகார முள் சுற்றுகிற திசையில் திருப்பினால் கழலும். கழற்றியதும் புரியில் கிரீஸ் தடவிவிட்டுப் போடுங்கள்.

#24 · நூல்கண்டு

இந்நேரம் நல்லா இறுக்கி வெச்சிருப்பார். அடியில துரு இளக்கும் எண்ணெய் கொஞ்சம் விட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத் திருப்பச் சொல்லுங்க.